நடுவில் போடாத தையல்

"பேசாமலே ஒரு போர்வையைத் தைச்சு முடிக்க முடியாதுங்களா, டீச்சர்?"

தெய்வானை இதைக் கேட்டபோது சாரதாமணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் உள்ளே நுழைந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"முடியுமுங்க."

அந்த ஒரு சொல் தெய்வானைக்குப் போதுமாக இருந்தது. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

*

கோபியில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது ஒட்டுப்போர்வைச் சங்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வந்து சேருவார்கள். கீழே மிளகாய் அரைத்தால் மேலே சங்கமே தும்மும்.

பழைய துணிகளை வெட்டி ஒட்டி மேல்துணி. நடுவில் பஞ்சு. அடியில் பழைய வேட்டி. மூன்றையும் ஒரு பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, மூன்றும் ஒன்றாகும்படி கையால் தைப்பார்கள்.

சாரதாமணிதான் அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள். வயதில் சங்கத்திலேயே சின்னவள். ஐம்பது தாண்டியவர்களும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் பாதி பதிலோடு நிறுத்திக்கொள்வாள், அதனால் வந்த பட்டம் அது என்பது கூட உட்கார்ந்து தைக்கும் மெஹருன்னிசாவின் கட்சி.

தெய்வானை டீச்சரை விட இருபது வயது மூத்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் காலம் முழுவதும் நின்றவள். துணியில் ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பு கண்டுபிடிக்கவே படைத்த கண் என்று வீட்டில் சொல்வார்கள். வெளியில் சொல்லப் பயம்.

சங்கத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு.

கொண்டுவந்த துணியைப் பற்றிக் கதை சொல்லக் கூடாது. யார் கட்டிய சேலை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று ஆரம்பித்தால் அன்றைக்கு ஊசி அசையாது. கூடையில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கல்யாணப் போர்வைக்கு உரியது. சங்கத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு போர்வை தைத்துக் கொடுப்பார்கள். அதன் முதல் தையல் நட்டநடுவில் விழ வேண்டும். சட்டத்துக்கு மேலே குறுக்காக ஒரு பலகையைப் போட்டு, பெண்ணின் அத்தை அதில் குப்புறப் படுத்து ஊசியைக் கீழே குத்துவாள். பெண்ணைப் பெற்றவள் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து ஊசியை வாங்கித் திருப்பி மேலே அனுப்புவாள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. அதனால் மேலே இருப்பவள் "வருது" என்பாள். கீழே இருப்பவள் "வாங்கிட்டேன்" என்பாள். சொல்லாமல் குத்தினால் விரல் புண்ணாகும்.

இந்தத் தடவை கல்யாணப் பெண் தாரணி. தெய்வானையின் அண்ணன் மகள்.

தாரணியைப் பெற்றவள் ராசாமணி. அவளும் சங்கத்தில்தான் இருந்தாள். சட்டத்தின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் தெய்வானை. வயதில் தெய்வானை மூத்தவள், உறவில் ராசாமணி அண்ணி. இருவரும் பேசிப் பத்து வருடம் ஆகியிருந்தது.

*

"நடுத்தையலுக்கு நான் ஏற மாட்டேனுங்க," என்றாள் தெய்வானை.

"சரி," என்றாள் சாரதாமணி.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லுங்க."

தெய்வானை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பத்து வருடமாக உள்ளே கொதித்தது, தாழ்ந்த குரலிலும் சூடாகவே வந்தது.

"தாரணி பெரிய மனுசி ஆனப்ப சீர் கொண்டு போனேன். கிளிப்பச்சைப் பாவாடை. பருத்திதான், பட்டெடுக்க அன்னைக்கு எனக்கு வக்கில்லை. வளர்ற புள்ளை, பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்னு அடியில மடிச்சு மூணு டக் பிடிச்சு, என் கையாலயே தைச்சேன். சபையில அத்தனை தட்டும் வரிசையா வெச்சாங்க. என் தட்டை மட்டும் காணோம். தேடிப் பாத்தா, உள்ளறையில கட்டிலுக்கு மேல கிடக்குது. பந்தியில உக்காராமயே வந்துட்டேன்."

"ம்."

"அண்ணன் பத்திரிகை கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருச்சு. புள்ளையைப் பெத்தவ வரலை. அவ வாயைத் திறந்து வாங்கன்னு சொல்லாம நான் அந்தக் கல்யாண வாசலை மிதிக்க மாட்டேன். மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலை."

"போர்வை?"

"போர்வை தைப்பேன். அத்தை கை படாத போர்வையில என் மருமக படுக்கக் கூடாது."

பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். தெய்வானையால் முடியவில்லை.

"இன்னும் கேளுங்க. நான் ஊருக்குப் போயிருந்த வாரம் நடுத்துண்டைத் தைச்சுக் கொண்டாந்து வெச்சிருக்கா. என்ன துணி தெரியுங்களா? அதே பாவாடை. புள்ளைக்கு உடுத்தாம மூலையில போட்டு வெச்சிருந்து, இப்பக் கந்தலாக் கிழிச்சு என் கண்ணு முன்னாலயே விரிச்சிருக்கா."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு? பத்தடி தூரத்துல இருந்தே துணியைச் சொல்றவ நான். அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புனாலே வயிறு எரியுது."

சாரதாமணி ஊசியை எடுத்து, நூல் நுனியை நாக்கில் நனைத்தாள். அப்போதுதான் தெய்வானை அந்தக் கேள்வியைக் கேட்டாள். பேசாமலே முடிக்க முடியாதா என்று.

முடியும் என்று பதில் வந்தது.

*

ஆக, நடுத்தையல் இல்லாமலே வேலை ஆரம்பமானது. நடுவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் அவரவர் உட்கார்ந்த ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்கள்.

நடுவில் ஆரம்பித்து வெளியே வர வேண்டும் என்பது அங்கே சேர்ந்த அன்றே கற்றுக்கொடுக்கும் பாடம். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் இரண்டு பேரில் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வம்பு யாருக்கு வேண்டும்?

"டீச்சரே கம்முனு இருக்காங்க," என்றாள் மெஹருன்னிசா. "நாம எதுக்கு?"

தெய்வானை வெறியோடு தைத்தாள். மற்றவர்கள் காப்பி குடிக்க எழுந்தாலும் அவள் எழவில்லை. அரிசி அரிசியாக, ஒரே அளவில் விழுந்தது தையல். எதிரே ராசாமணியும் எழவில்லை. இவள் ஒரு வரிசை முடித்தால் அவளும் முடித்திருப்பாள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே சட்டத்தில் உட்கார்ந்தால் வேலை நடக்கத்தான் செய்கிறது. நூல் வேண்டுமென்றால் மெஹருன்னிசாவிடம் சொல்வாள் ஒருத்தி. மெஹருன்னிசா எதிர்ப்பக்கம் திரும்பிக் கேட்பாள். நூல் வந்து சேரும்.

"எனக்குச் சம்பளம் போட்டுக் குடுங்க," என்றாள் மெஹருன்னிசா. "ரெண்டு ஊட்டுக்கும் போஸ்ட்மேன் நான்."

யாரும் சிரிக்கவில்லை.

தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். தையில் கல்யாணம்.

*

நாலு பக்கத்துத் தையலும் உள்ளே உள்ளே வந்தன. வர வர, ஓரத்துத் துணியிலிருந்த தொய்வை எல்லாம் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அது எழுந்து நின்றது.

"அல்லா," என்றாள் மெஹருன்னிசா. "நடுவுல பூரி உப்பிருச்சு."

உண்மைதான். போர்வையின் நட்டநடுவில் துணி பொம்மென்று மேலே எழும்பியிருந்தது. கையால் அமுக்கினால் அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கம் வந்தது.

ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரி வைத்துப் பார்த்தார்கள். ஆவி பறந்தது, உப்பல் அப்படியே இருந்தது. ஒரு மடிப்பு வைத்து மறைத்துத் தைத்துவிடலாம் என்றாள் ஒருத்தி. கல்யாணப் போர்வையில் மடிப்பா என்றாள் இன்னொருத்தி. வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்ற பேச்சு வந்தபோது, ராசாமணி தன் இடத்தில் இருந்தபடியே நடுத்துண்டை நோக்கிக் கையை நீட்டினாள். யாரையும் தொடவிடாமல் தடுக்கிற கை.

தெய்வானை அதைக் கவனித்தாள். புரியவில்லை. கந்தலுக்கு எதற்கு இந்தக் காவல்?

அவள் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு சாரதாமணியிடம் வந்தாள்.

"முடியும்னு சொன்னீங்களே, டீச்சர்."

"முடிஞ்சிருச்சுங்களே."

"இது முடிஞ்சதா? இதுமேல எப்படிப் படுக்கறது?"

"படுக்கறதைப் பத்தி நீங்க கேக்கலை."

தெய்வானைக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்த கோபம், அதனால் கொஞ்சம் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இப்ப என்ன பண்றது?"

சாரதாமணி தன் மடியிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்தாள். தெய்வானையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"அத்தனையுமா?"

சாரதாமணி தலையசைத்தாள்.

"கல்யாணம் நெருங்கிருச்சுங்க, டீச்சர்."

"அதனாலதான்."

*

தெய்வானை தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் தையலைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத தையல். செக்கிங் மேசையில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பாள்.

முதல் இழையை வெட்டினாள்.

அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. கீழே மில் நின்றிருந்தது.

இரண்டாவது இழை. மூன்றாவது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு கத்தரி நறுக்கென்றது. ராசாமணி தலை நிமிராமல் தன் வரிசையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெஹருன்னிசா. அப்புறம் எல்லோரும். வேலை கெட்டதே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள்.

தைக்கிற நேரத்தை விடப் பிரிக்கிற நேரத்துக்குப் பொறுமை அதிகம் வேண்டும். பஞ்சு கிழியக் கூடாது, துணி நைந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் என்றிருந்தது தினமும் என்றானது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் தெய்வானை படியேறி வந்தபோது ராசாமணியின் செருப்பு ஏற்கெனவே வாசலில் கிடந்தது. அதற்கு அடுத்த நாள் தெய்வானை முந்திக்கொண்டாள். போட்டிதான். ஆனாலும் வேலை ஓடியது.

கடைசி இழையும் வந்தது. போர்வை வெறும் மூன்று துணியாகச் சட்டத்தில் கிடந்தது. இழுத்துக் கட்டினார்கள். உப்பல் இருந்த சுவடே இல்லை.

சாரதாமணி மூலையில் சாய்த்து வைத்திருந்த பலகையைத் தூக்கி வந்தாள். சட்டத்துக்கு மேலே குறுக்காகப் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

எல்லோரும் தெய்வானையைப் பார்த்தார்கள்.

தெய்வானை பலகையைப் பார்த்தாள். மருமகள் முகம் நினைவுக்கு வந்தது. முன்பல் விழுந்த வயதில் அத்தை அத்தை என்று காலைக் கட்டிக்கொண்டு நின்ற முகம். அவள் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் ஏறுறேன்," என்றாள். "பேசறதுக்கு இல்லை. தைக்கறதுக்கு. கீழே யாரு?"

எதிர்ப்பக்கம் ராசாமணியின் இடம் காலியாக இருந்தது. சட்டத்துக்கு அடியில் வளையல் சத்தம் கேட்டது.

*

பலகையில் குப்புறப் படுப்பது அறுபதை நெருங்கியவளுக்கு லேசான காரியமில்லை. மெஹருன்னிசா காலைப் பிடித்துக்கொண்டாள். தெய்வானை ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்குப் போனாள்.

ஊசியைக் குத்தினாள். "வருது" என்று சொல்லவில்லை.

ஊசி கீழே போனது. திரும்பி வந்தது. வந்த இடம் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. உருவி எடுத்தாள். மறுபடி குத்தினாள். இந்தத் தடவை இன்னும் தள்ளி வந்தது. கீழே இருப்பவளும் "வாங்கிட்டேன்" என்று சொல்லவில்லை.

மூன்றாவது தடவை குத்தியபோது கீழே "ஸ்" என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, வசவு இல்லை. ஊசி மட்டும் திரும்பி வந்தது. நுனியில் லேசாகச் சிவப்பு.

தெய்வானைக்கு மனசு என்னவோ போல ஆனது. ஊசியை முந்தானையில் துடைத்தாள். இனி சரியான இடத்தில் குத்த வேண்டுமே என்று, முதல் தடவையாகக் குனிந்து நடுத்துண்டைப் பார்த்தாள்.

கிளிப்பச்சை. தூரத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. கிட்டத்தில் அது கிளிப்பச்சையாக இல்லை. துவைத்துத் துவைத்து, வெயிலில் காய்ந்து காய்ந்து, வாழைக்குருத்து நிறத்துக்கு வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்குக் குறுக்கே மூன்று பட்டைகள் ஓடின.

முதல் பட்டை கொஞ்சம் பச்சை. இரண்டாவது அதை விடப் பச்சை. மூன்றாவது, கடையில் எடுத்த அன்றைய பச்சை.

தெய்வானையின் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டக் பிடித்த இடத்தில் துணி உள்ளே மடிந்திருக்கும், வெயில் படாது. பிரித்த பிறகுதான் வெளுக்கத் தொடங்கும். முதலில் பிரித்தது அதிகம் வெளுத்திருக்கிறது. கடைசியில் பிரித்தது கொஞ்சம். மூன்றும் ஒரே நாளில் பிரித்தவை அல்ல. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாக.

பட்டைகளின் ஓரத்தில் பழைய தையலின் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அரிசி அரிசியாக, ஒரே அளவில். அவள் கையால் போட்டது. ஓர் ஓட்டை கூடக் கிழியவில்லை. அவ்வளவு பதனமாகப் பிரித்திருந்தார்கள்.

அவள் கட்டைவிரலால் மூன்றாவது பட்டையைத் தடவிப் பார்த்தாள். ஊசி கையிலேயே இருந்தது.

கீழே வளையல் அசைந்தது. காத்திருந்தது. மறுபடி அசைந்தது.

"ஊசி வரலீங்களே," என்றது குரல்.

பத்து வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

தெய்வானை பலகையின் விளிம்பு வரை முகத்தை இறக்கினாள்.

"மூணு டக்கும் யாரு பிரிச்சது?"

கீழே வளையல் அசைவது நின்றது.

"நாந்தானுங்க. வேற பாவாடையைத் தொட மாட்டேன்னு தாரணி நின்னா. குட்டையாகக் குட்டையாக ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டேன். அதுக்கு மேலயும் கட்டுறேன்னா. பிரிக்க டக் இல்லை."

மெஹருன்னிசா பிடித்திருந்த காலை விடாமல், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னைக்கு ஏன் சபையில வெக்கலை?" என்றாள் தெய்வானை.

மில்லில் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். பலகை அதிர்ந்தது. பிறகு மில் நின்றது.

"எல்லாத் தட்டுலயும் பட்டு," என்றது கீழேயிருந்து குரல். "எங்கண்ணன் ஊட்டு ஆளுங்க முன்னால பருத்தியை வெக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. எடுத்து உள்ள வெச்சுட்டேன். யாரும் சொல்லிப் பண்ணலை, நானாத்தான் பண்ணுனேன். தப்புத்தானுங்க."

துணி லேசாக அசைந்தது. கீழே இருப்பவள் உள்ளங்கையைத் துணியில் வைத்திருந்தாள். வெளுத்த பச்சைக்கு அடியில், ஐந்து விரலும் தெரிகிற மாதிரி.

"முகத்தைப் பாத்துச் சொல்லத் தெம்பு வரலை," என்றாள் ராசாமணி. "கல்யாணத்துக்கு வாங்க. உங்க தட்டு முதல் தட்டு. நானே தூக்கியாந்து சபையில வெக்கறேன்."

தெய்வானை முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். ஊசி முனையை மூன்றாவது பட்டையின் மேல், தன் பழைய தையல் விட்டுப்போன ஓட்டையிலேயே நிறுத்தினாள்.

"கையை எடுத்துக்குங்க, அண்ணி," என்றாள். "வருது."